வரி என்ன, உண்டியல் காணிக்கையா?

ஆறு திங்களுக்கு ஒருமுறை சொத்துவரி கட்டும் காலம் வருகிறது. வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டுகிறார். ரசீது பெறுகிறார், பெட்டியிலே வைத்துப் பூட்டுகிறார், கடமை முடிந்தது என்று கருதுகிறார். கட்டிய பணம் எங்கே போயிற்று? எந்தத் தெருவுக்கு விளக்காயிற்று? எந்தப் பிள்ளைக்குப் பலகையாயிற்று? எந்தத் தொழிலாளியின் அடுப்புக்கு விறகாயிற்று? அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எண்ணுவதுமில்லை!

உண்டியலில் காசு போடுகிறவரைப் பார்த்து நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம்: "போட்டீரே, அது யாருக்குப் போகிறது என்று கேட்டீரா?" என்று. அவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்; "கேட்பது அபசாரம்" என்கிறார். அவரைக் கண்டு நகைக்கிற பகுத்தறிவாளர் பலர், நகராட்சியின் பணம் கட்டும் சன்னலுக்கு முன்னே போய் நிற்கும்போது, தாமும் அதே பக்தராக மாறிவிடுகிறார்கள். பணத்தைப் போடுகிறார்கள்; பலனைப் பற்றிப் பேசாது திரும்புகிறார்கள். அங்கே பூசாரி, இங்கே அதிகாரி. அங்கே தீர்த்தம், இங்கே ரசீது. அங்கே கேள்வி பாவம். இங்கே கேள்வி தொல்லை. வேறுபாடு என்ன, தோழர்களே?

வரி கொடாதீர் என்று கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. வரியே கூடாது என்பவன், தெரு தனக்கு வேண்டும், அதைப் போடும் செலவு பிறருக்கு என்று எண்ணுகிறவன். அவனுக்காக வாதாட நமக்கு விருப்பமில்லை. கொடுத்த வரிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை, கொடுக்கும் கடமையோடு பிறந்த இரட்டைப் பிள்ளை என்பதே நாம் வற்புறுத்துவது. ஒன்றை மட்டும் வளர்த்து மற்றொன்றைத் தொட்டிலிலேயே கொன்றுவிட்டார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

கோட்டையிலே போட்ட கணக்கு

பழைய கதை ஒன்று உண்டு, கற்பனையன்று, வரலாறு. சென்னை நகருக்கு மாநகராட்சி என்ற அமைப்பு 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தோன்றியது. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஜேம்சின் பட்டயம் அதற்கு முந்திய ஆண்டில் எழுதப்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினியின் தலைவர் சர் ஜோசையா சைல்டு, மக்கள்மீது காதல் கொண்டு இதைச் செய்தாரில்லை. கோட்டையிலிருந்து கும்பினி வரி போட்டால் மக்கள் சீறுகிறார்கள். அவர்களிலேயே சிலரைத் தேர்ந்து அங்கி அணிவித்து, ஆசனத்தில் அமர்த்தி, அவர்கள் கையாலேயே வரி போடச் செய்தால் சீற்றம் தணியும், பணமும் சேரும் என்பதே அந்த வணிகரின் கணக்கு. நகர மண்டபம் கட்டலாம், சிறைச்சாலை கட்டலாம், பள்ளிக்கூடம் கட்டலாம் என்றெல்லாம் சொல்லப்பட்டது. நகர மக்களோ ஏமாறவில்லை. வரி கொடுக்க எளிதில் இணங்கவில்லை!

பின்னர் வந்த வெள்ளை ஆட்சி மற்றொரு வித்தை காட்டிற்று. 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், வரி நகரத்தாருடையது. ஆனால், அந்த வரியிலிருந்து காவல் படையின் செலவில் பெரும்பங்கைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சட்டத்தின் பெயர் மேம்பாடு, செலவோ தடிக்கம்பு! தெருவுக்கு விளக்குக் கேட்டவன், தன் முதுகில் விழும் அடிக்குத் தானே கட்டணம் செலுத்தினான். 1871-இல் வந்த சட்டம்தான் அந்தச் சுமையை நீக்கிற்று.

1882-ஆம் ஆண்டு மே 18-இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சிக்கான தீர்மானத்தை வெளியிட்டார். பணம் சேர்ப்பதற்கான ஏற்பாடாக மட்டும் இராமல், மக்கள் ஆளப் பழகும் பள்ளிக்கூடமாகவும் நகரமன்றம் இருக்க வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் சாரம். அவருடைய பெயரைத் தாங்கிச் சென்னையிலே 1913-ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையொன்று திறக்கப்பட்டது. மாளிகை இன்றும் நிற்கிறது, சுண்ணாம்பு மணக்க. பள்ளிக்கூடம்? மாணவர்களைத்தான் காணோம்! கேள்வி கேட்கும் மாணவர்களைச் சொல்கிறோம்.

ஓரணாவின் வரலாறு

வரிப்பணம் நல்ல வழியில் சென்ற நாள் இருந்ததில்லையா? இருந்தது. அதையும் சொல்லுவதே நேர்மை.

1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள். சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் செய்தது. ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்குவது என்பது தீர்மானம். பசித்த பிள்ளையின் காதிலே பாடம் ஏறாது என்பதைக் கண்டறிய அவர்களுக்கு வேதாந்தம் தேவைப்படவில்லை. பிள்ளை வந்தான், உண்டான், படித்தான். வரிப்பணம் வயிற்றிலே அன்னமாகி, மூளையிலே அறிவாகி, மறு தலைமுறையிலே மனிதனாக எழுந்தது.

வெள்ளை அரசு என்ன செய்தது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று தடை கூறிற்று. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. 1865-இல் தடியடிக்கு நகர வரியைத் தாராளமாக எடுத்துக்கொண்ட அதே ஆட்சிக்கு, பிள்ளையின் ஓரணா உணவு விதிமீறலாகத் தோன்றிற்று! வரி எங்கே போகிறது என்ற கேள்வி, யார் ஆள்கிறார்கள், யாருக்காக ஆள்கிறார்கள் என்ற கேள்வியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2022-இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, தொடக்கப் புள்ளியாக நினைக்கப்பட்டது அந்த ஓரணாதான். நூறாண்டு கழிந்தும் நினைக்கப்படும் ஓரணா!

ஈரோட்டிலே பெரியார் நகராட்சித் தலைவராக இருந்த நாட்களில் குடிநீருக்காகப் பாடுபட்டதும் இவ்வகையைச் சேர்ந்ததே. குழாயிலே நீர் வந்தால் போதும். அது எந்தச் சாதியின் குடத்தில் விழுகிறது என்று குழாய் கேட்பதில்லை. கிணற்றுக்கு ஒரு தெருவும் குளத்துக்கு ஒரு சாதியும் என்றிருந்த நாட்டில், பொதுப் பணத்தில் வந்த பொதுக் குழாய் ஒரு புரட்சி.

கூட்டுத்தொகைக்குள் மறைந்த பெயர்கள்

சரி, இன்றைய நிலை என்ன?

சொத்துவரி என்று ஒற்றைச் சொல்லால் சொல்லுகிறோம். அது ஒரு வரியன்று. பல வரிகளின் கூட்டு. தமிழ்நாட்டு நகராட்சிகளில் காலங்காலமாக வந்த முறை இது: பொதுச் செலவுக்கு ஒரு பகுதி, குடிநீருக்கும் வடிகாலுக்கும் ஒரு பகுதி, தெருவிளக்குக்கு ஒரு பகுதி, துப்புரவுக்கு ஒரு பகுதி, கல்விக்கு ஒரு பகுதி. இவற்றோடு நூலகத்துக்கும் ஒரு பங்கு. சென்னையிலே குடிநீர், கழிவுநீர் வரி தனியே குடிநீர் வாரியத்துக்குப் போகிறது. நகராட்சியின் கணக்கும் ஒரே பையாக இருக்கவில்லை. வருவாய், மூலதன நிதி ஒன்று. குடிநீர், வடிகால் நிதி ஒன்று. தொடக்கக் கல்வி நிதி ஒன்று.

எண்ணிப் பாருங்கள்! ஒவ்வொரு பகுதிக்கும் சட்டம் ஒரு பெயர் வைத்தது. பெயர் வைத்தது அழகுக்காகவா? அது ஒரு வாக்குறுதி. 'விளக்கு' என்று சொல்லி வாங்கிய காசு விளக்காக வேண்டும். 'கல்வி' என்று சொல்லி வாங்கிய காசு பள்ளியாக வேண்டும். ஆனால், வீட்டுக்காரர் கண்ணில் படுவது கூட்டுத்தொகை ஒன்றே. பெயர்கள் கூட்டலுக்குள் கரைந்துவிடுகின்றன. பெயர்களோடு வாக்குறுதிகளும் கரைந்துவிடுகின்றன!

நூலக வரியை எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப்பின் இந்நாட்டில் நூலகத்துக்கென வந்த முதற் சட்டம். எஸ். ஆர். அரங்கநாதன் என்ற அறிஞரின் உழைப்பு அதன்பின் நின்றது. நூலகம் பிச்சைப் பாத்திரம் ஏந்தலாகாது, அதற்கென நிலையான வருவாய் வேண்டும் என்பதற்காகச் சொத்துவரியின்மேல் ஒரு கூடுதல் வரி வைத்தார்கள். இக்காலத்தில் அது ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆயிரம் ரூபாய் சொத்துவரி என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. உள்ளாட்சி அதை வாங்கி, நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்க வேண்டும். உள்ளாட்சியின் பணமன்று அது. கை மாறிப் போகும் பணம். தபால்காரர் கையிலுள்ள மணியார்டரைப் போல!

அந்தத் தபால்காரர் மணியார்டரைத் தம் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? நூலக வரி நிலுவை, நூலக வரி நிலுவை என்று ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருந்ததைப் படித்தவர் அறிவர். தலைநகரின் மாநகராட்சியும் அந்தக் குற்றச்சாட்டுக்குப் பலமுறை ஆளானது. வீட்டுக்காரர் கட்டத் தவறினால் அபராதம் உண்டு, அறிவிப்பு உண்டு, வாசலிலே வந்து மானம் வாங்குவதும் உண்டு. வாங்கிய பணத்தைச் சேர்ப்பிக்கத் தவறிய உள்ளாட்சியின் வாசலில் எவர் வந்து பறையடித்தார்?

இதிலே இழப்பு யாருக்கு? வீட்டிலே நூற்றுக்கணக்கில் புத்தகம் அடுக்கிவைத்திருப்பவருக்கு இழப்பில்லை. ஓட்டு வீட்டிலே ஒற்றை அறையில் எட்டுப் பேர் வாழ, படிக்க இடமின்றிக் கிளை நூலகத்தின் மரப் பெஞ்சைத் தேடி வரும் இளைஞனுக்குத்தான் இழப்பு. தேர்வுக்குப் படிக்கும் தையற்காரர் மகளுக்குத்தான் இழப்பு. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்து அரசியல் கற்ற மக்கள் நாம். படிப்பகம் திறந்தவன் பரம்பரை நாம். ஒரு நூலகத்தின் கதவு மாலை ஆறு மணிக்கு விளக்கில்லாமல் அடைபட்டால், அடைபடுவது கதவு மட்டுமன்று!

"நாங்கள் கட்டுகிறோம், அவர்கள் அனுபவிக்கிறார்கள்!"

இவ்விடத்தில் ஒரு கனவான் குறுக்கிடுகிறார். மாடி வீடு உடையவர். மணி பார்த்துப் பேசுபவர். "வரி கட்டுகிறவர்கள் நாங்கள். குடிசைக்காரர்கள் ஒரு காசு கட்டுவதில்லை. எங்கள் பணத்திலே அவர்களுக்குக் குழாயா, கழிப்பறையா?" என்கிறார்.

ஐயா, சற்று நில்லும்! உமது மூன்று மாடியிலே இரண்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர். வரி உயர்ந்தவுடன் வாடகையை உயர்த்தினீர். ரசீது உமது பெயரில். பணம் குடியிருப்பவர் பையிலிருந்து! வரி கட்டுகிறவர் என்ற பட்டத்தை நீர் சூடிக்கொண்டீர். சுமையைச் சுமந்தவருக்கோ வாக்குச் சீட்டைத் தவிர வேறு சான்றில்லை. குடிசையிலே வாழ்பவளும் வாடகை கொடுக்கிறாள். கடையிலே வாங்கும் பொருளின் விலையில் கடைக்காரரின் சொத்துவரியையும் சேர்த்தே கொடுக்கிறாள். நகரத்தில் வாழ்பவர் எவரும் வரியிலிருந்து தப்பியவரல்லர். பெரியவர்களிலேதான் தப்பியவர் உண்டு. வழக்குப் போட்டுத் தடை வாங்கி ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவரைத் தேட வேண்டுமானால் குடிசைக்குள் நுழையாதீர்!

வரியே இல்லாதவர் யார் என்றும் கேளும். பொது வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்குச் சொத்துவரி விலக்கு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் விலக்கு என்றால் விளங்குகிறது. அவை கொடுப்பதை நாம் கண்ணால் காண்கிறோம். தேர் ஓடிய மறுநாள் விடியலில் தெருவெங்கும் கிடக்கும் இலையையும் எச்சிலையும் வாருகிறவர் யார்? தேவர்கள் வருவதில்லை, நகராட்சித் தொழிலாளிதான் வருகிறார். அவர் கூலி, வீட்டு வரியிலிருந்து. எல்லாம் வல்லவர் வீட்டுக் குப்பையை, ஏதுமில்லாதவர் வரியில் அள்ளுகிறோம்!

டில்லி அரசின் கட்டடங்களைப் பாரும். அரசியல் சட்டத்தின் 285-ஆம் பிரிவு அவற்றுக்கு மாநில, உள்ளாட்சி வரிகளிலிருந்து விலக்களிக்கிறது. ஊர்ச் சாலை வேண்டும், ஊர்க் குப்பைவண்டி வேண்டும், ஊர் வரி மட்டும் வேண்டாம்! சேவைக் கட்டணமாக ஒரு பங்காவது கொடுக்க வேண்டும் என்பதற்கே உச்சநீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2009-இல்தான் அது ஓரளவு தெளிவாயிற்று. அதே டில்லி, உள்ளாட்சிகளைப் பார்த்து, "சொத்துவரியை உயர்த்து, உயர்த்தினால்தான் மானியம்" என்கிறது. பதினைந்தாம் நிதிக்குழு அப்படித்தான் நிபந்தனை வைத்தது. தான் கட்டாத வரியை ஊரார் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று கட்டளையிடும் கருணையை என்னென்பது!

ஆளில்லாத மன்றம், ஆணையில் வந்த வரி

வரி எங்கே போகிறது என்பதைக் கேட்க ஆள் வேண்டுமே! அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் தேர்தல். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் இட்ட கட்டளை. 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நடந்தது என்ன? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்! ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை. பதில் சொல்லத் தலைவர் இல்லை. வரி வாங்க மட்டும் ஆள் இருந்தது!

அந்த ஆளில்லாக் காலத்தில்தான், 2018-இல், சொத்துவரியை உயர்த்தி ஆணை வந்தது. எதிர்ப்பு எழுந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த வேளையில், உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது. ஏப்ரலில் உயர்வு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிவரை உள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு. 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 விழுக்காடு. தேர்தலுக்கு முன்னே இறக்கம். தேர்தலுக்குப் பின்னே ஏற்றம்! எந்தக் கட்சி ஆண்டாலும் வரிக்கு மட்டும் பஞ்சாங்கம் ஒன்றே.

சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு மிகுதி என்ற கொள்கையை நாம் வரவேற்கிறோம், அது நியாயம். சென்னையிலே 1998-க்குப் பின்னும், பிற ஊர்களில் 2008-க்குப் பின்னும் பொதுச் சீராய்வே நடக்காதிருந்ததும் உண்மை. அத்தனை ஆண்டும் அஞ்சி வாளாவிருந்துவிட்டு, ஒரே நாளில் தலையில் இறக்குவது நிருவாகமாகுமா? உயர்த்தியபோது, "கூடுதலாக வரும் பணத்தில் உன் வட்டத்துக்கு இன்னது செய்வோம்" என்று ஒரு துண்டுச் சீட்டேனும் வீடுதோறும் போயிற்றா? கேட்கும் தொகை காசு வரையில் துல்லியம். கொடுக்கும் கணக்கோ மூடுபனி!

வெள்ளை மாளிகையின் வாசலில்

வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டுகிறவர்க்குத் தெரியும்: செலவின் பெரும்பாகம் சம்பளம், ஓய்வூதியம், குப்பை அகற்றல், விளக்கின் மின்கட்டணம், கடனுக்கு வட்டி. குப்பை அகற்றலுக்கு என்று எழுதிய தொகை, குப்பை அள்ளுகிற கைக்குப் போகிறதா, இடையிலே நிற்கும் குத்தகைக்காரரின் கைக்குப் போகிறதா?

2025 ஆகஸ்டிலே ரிப்பன் மாளிகையின் வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பல நாட்கள் அமர்ந்திருந்தார்கள். பெண்களே மிகுதி. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, ஆண்டுக்கணக்கில் உழைத்த தங்களை நிலைப்படுத்துங்கள் என்று கேட்டார்கள். நள்ளிரவிலே அவர்கள் கைது செய்யப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். வெள்ளத்திலும் கொள்ளை நோயிலும் வீதிக்கு வந்த கைகள் அவை. அந்தத் தொழிலுக்கு எந்தச் சாதியினரைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளினோம் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நமது வரியே அந்த இழிவை நீட்டிக்கும் கூலியாகவும் இருக்கலாம். அதை ஒழிக்கும் கருவியாகவும் இருக்கலாம். இயந்திரமும் கையுறையும் நிலையான ஊதியமும் ஓய்வூதியமும் அந்தப் பணத்தில் உண்டு. குறைந்த கூலிக்கு ஆள் பிடித்து இலாபம் காண்பதும் அந்தப் பணத்திலேயே உண்டு. எதை வாங்குவது என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இல்லை, அதுதான் நோய்!

கேள்வியோடு செல்க!

மருந்து கையிலேயே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தணிக்கை அறிக்கை இருக்கிறது. 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வட்டக் குழுவும் பகுதி சபையும் உண்டு. நவம்பர் முதல் நாள் உள்ளாட்சி நாள். நாற்காலி போடப்படுகிறது, ஒலிபெருக்கி கட்டப்படுகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது. கேள்வி கேட்க வேண்டியவன் வீட்டிலே படுத்திருக்கிறான்!

தோழர்களே! உங்கள் படிப்பகத்தில் ஐவர் கூடுங்கள். உங்கள் ஊரின் வரவு செலவுக் கணக்கை வாங்குங்கள். புராணத்தை வரிவரியாகப் படித்துப் புளுகைப் பிரித்துக் காட்டிய கண்களுக்கு, பேரேட்டைப் படிப்பது அரிதன்று. நான்கு கேள்விகளை எழுதுங்கள். நம் வட்டத்தில் வசூலான சொத்துவரி எவ்வளவு, நம் வட்டத்தில் செலவானது எவ்வளவு? கல்வி வரியாகப் பெற்றது எந்தப் பள்ளிக்குப் போயிற்று? நூலக வரி முழுவதும் சேர்ப்பிக்கப்பட்டதா, நிலுவை எவ்வளவு, எத்தனை ஆண்டு? துப்புரவுக்கு ஒதுக்கிய ரூபாயில் தொழிலாளியின் கைக்குச் சேர்ந்தது எத்தனை காசு?

பகுதி சபையிலே எழுந்து நின்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். வந்த பதிலை, வராத பதிலையும், தட்டியிலே எழுதித் தெருமுனையில் வையுங்கள். வாடகை வீட்டுக்காரரை அழையுங்கள். குடிசைப் பெண்ணை அழையுங்கள். குப்பைவண்டி தள்ளும் தோழரை முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்களுடைய பணத்தின் கணக்கு அது.

கடவுளிடம் கணக்குக் கேட்கத் துணிந்தவர்கள் நாம். கவுன்சிலரிடம் கேட்கவா அஞ்சுவோம்?